சொல்லுக்கு முன்னால் ஒரு நிறுத்தம்

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் போதும், நகலெடுக்கும் கடைக்கு மேலே இருக்கிற அந்த ஒற்றை அறைக்குப் படியேறாத கட்சி கிடையாது. மேடையில் ஒருவரை ஒருவர் நாறடிக்கிற ஆட்கள் மாடிப்படியில் எதிரெதிரே வந்துவிட்டால், "நல்லா இருக்கீங்களாண்ணே" என்று ஒதுங்கி வழிவிடுவார்கள். எல்லாருக்கும் மேடைப்பேச்சு வாத்தியார் ஒருத்திதான், மைக்கம்மா. வீட்டில் வைத்த பெயர் அவளுக்கே மறந்திருக்கும்.

அறையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆளுயரக் கண்ணாடி, வயர் அறுந்த மைக் ஒன்று, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். பாடம் முடியும்வரை மின்விசிறி போட மாட்டாள். மேடையில் வேர்க்கத்தானே போகிறது, இங்கேயே பழகட்டும் என்பாள். வாயோ தாட்சண்யமே பார்க்காது.

"மைக்கைக் கரண்டி மாதிரி பிடிக்காதீங்க, யாருக்கும் பரிமாறப் போறதில்ல."

"கையை ஆட்டாதீங்க தம்பி, ஈ ஓட்டுற மாதிரி இருக்கு."

வேட்பாளர்களின் மனைவிமாருக்குத் தனிப்பாடம். "புருஷனைத் தங்கம், வைரம்னு புகழாதே. ஒருத்தியும் நம்ப மாட்டா. அவ வீட்டுலயும் ஒண்ணு இருக்குல்ல? சின்னதா ஒரு குறை சொல்லு. செருப்பை நடுவழியில கழட்டிப் போடுவாருன்னு சொல்லு. கூட்டம் சிரிச்சிடும். சிரிச்ச கூட்டம் பாதி நம்ம கூட்டம்."

இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம். அவளுடைய கைச்சரக்கு வேறு. முக்கியமான சொல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும். மூச்சு வாங்குவதற்காக இல்லை, கைதட்டலுக்காகவும் இல்லை. சொல் தொண்டைவரை வந்துவிட்டு வெளியே வர மறுக்கிறது என்பதுபோல, உதடு லேசாகத் திறந்து, கண் எதிரே இருப்பவர்மேல் பதிந்து நிற்க வேண்டும். கூட்டம் தன்னையறியாமல் முன்னால் சாயும். சாய்ந்த பிறகுதான் சொல்.

அந்த நிறுத்தம் அவளுடைய கண்டுபிடிப்பு இல்லை. செத்துப்போன அவள் புருஷனுடையது.

அவர் தையல்காரர், திக்குவாய். அளவு நாடாவை இடுப்பில் சுற்றிவிட்டு, எண்ணைச் சொல்வதற்குள் நின்றுவிடுவார். அவர் சொல்லி முடிக்கிறவரை வாடிக்கையாளர் தொப்பையை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த லட்சணத்தில் அளவெடுத்த கால்சட்டை வீட்டுக்குப் போய் எப்படிப் பொருந்தும்? இதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். ஆனால் கல்யாணமான புதிதில் அவர் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்.

"எ... என் சொல்லை நீ சொ... சொல்லாதே. நானே சொல்லிக்கிறேன்."

ஊரே அவர் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கும். அவள் ஒருநாளும் பிடுங்கியதில்லை. தட்டில் சோறு ஆறிப்போனாலும் காத்திருப்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட உண்டு.

ஆஸ்பத்திரியில் கடைசி நாளும் அப்படித்தான். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். உதடு திறந்தது, நின்றது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எப்போதும்போலக் காத்திருந்தாள். சொல் வரவே இல்லை.

என்ன சொல்ல வந்தார்? அவள் பெயரையா? பயப்படாதே என்றா? பேய் பிடித்தாலாவது ஓட்ட ஆள் இருக்கிறது, இந்தக் கேள்வியை ஓட்ட யார் இருக்கிறார்கள்?

அதன் பிறகுதான் வருகிறவர்களுக்கெல்லாம் அந்த நிறுத்தத்தைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். பிரச்சார வண்டி தெருவில் வந்தால் போட்டது போட்டபடி ஜன்னலுக்கு ஓடுவாள். ஒலிபெருக்கியில் எவனோ ஒருவன் சொல்லுக்கு முன்னால் நிற்பான். அந்தக் கணம் அவர் அங்கே இருப்பார். இதோ சொல்லிவிடப் போகிறார் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். "...வாக்களியுங்கள்!" என்று வரும். அட ச்சீ என்று ஆகிவிடும். இருந்தாலும் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பாள்.

இந்தத் தேர்தலுக்கு வந்து சேர்ந்தவர் ஒரு சைக்கிள் கடைக்காரர். முன்னால் வந்தவர்கள் நிறுத்தத்தை நடித்தார்கள். இவருக்கோ அது உடம்பிலேயே ஏறிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அச்சு அசல் அவள் புருஷனேதான். இல்லாத பாடமெல்லாம் இருப்பதாகச் சொல்லி மைக்கம்மா கடைக்காரரை வரவழைத்தாள். பேசச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் கடைக்காரரின் மனைவி தன் பாடத்துக்கு வந்தாள். அவர் கீழே நோட்டீஸ் நகலெடுத்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல அவர்கிட்ட இருக்கிற சின்னக் குறை ஒண்ணு சொல்லும்மா."

அவள் மைக்கைப் பிடித்தாள். பிறகு மைக்கை நாற்காலிமேல் வைத்துவிட்டாள்.

"நிஜமாவே சொல்லட்டுமாக்கா? இங்க வந்துபோக ஆரம்பிச்சதுலேர்ந்து வீட்டுலயும் அவர் அப்படி நின்னு நின்னுதான் பேசுறாரு. பொண்ணைக் கூப்பிடுறதுக்கு முன்னாடிகூட நிக்கிறாரு. 'அப்பாவுக்கு என் பேரு மறந்துபோச்சாம்மா'ன்னு அது கேக்குது. விளக்கை அணைச்சுட்டா, பக்கத்துல படுத்திருக்கிறது வேற யாரோன்னு இருக்கு. பயமா இருக்குக்கா. ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி, அதை அவர்கிட்டேர்ந்து எடுத்துடுங்க."

மைக்கம்மா நாற்காலிமேல் இருந்த மைக்கை எடுத்துக்கொண்டாள். வேற யாரோவாம்! யாரென்று இவளுக்கு என்ன தெரியும்? எடுத்துவிட்டால் செத்துப்போனவர் மறுபடி யாரிடம் இவ்வளவு முழுசாக வந்து நிற்கப் போகிறார்? இந்தப் பெண்ணுக்குப் புருஷன் திரும்பக் கிடைப்பான். தனக்கு?

"தேர்தல் முடிஞ்சா தானா போயிடும்மா" என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள்.

"போகலைன்னா?"

பதில் சொல்வதற்குள் கடைக்காரர் ஒரு கட்டு நோட்டீஸோடு மூச்சிரைக்க மேலே வந்தார். உட்காரக்கூட விடாமல் மைக்கம்மா மைக்கை அவர் கையில் திணித்தாள். "ஒரே ஒரு தடவை பேசிக் காட்டுங்க தம்பி." ஆசை யாரை விட்டது!

"நான் உங்ககிட்ட கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்..." என்று தொடங்கியவர் நின்றார். உதடு திறந்திருந்தது. கண் அவள்மேல் பதிந்திருந்தது. மைக்கம்மா முன்னால் சாய்ந்தாள். பாடத்தில் சொன்னதைவிட நிறுத்தம் நீண்டது. சொல்லிவிடுவார், இந்தத் தடவை சொல்லிவிடுவார் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள்.

கடைக்காரரின் மனைவி எழுந்து வந்தாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, அவர் கையில் கொடுத்தாள். மனுஷன் கடகடவென்று பாதியைக் குடித்துவிட்டு, "காலையிலேர்ந்து தொண்டை காஞ்சு கிடக்கு" என்றார்.

மைக்கம்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "சொல்லட்டும்னு நான் காத்துக்கிட்டுத்தானே இருந்தேன்? உன்னை யார் நடுவுல வரச் சொன்னா?"

"தண்ணி வேணும்னு மூஞ்சியிலேயே தெரிஞ்சுதேக்கா. வாயைத் திறந்து கேக்கிறவரைக்கும் என்ன காத்துக்கிட்டு இருக்கிறது?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். மைக்கம்மா பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில் கண்ணுக்கு முன்னால் வந்தது. இத்தனை வருஷமும் அந்த உதட்டிலிருந்து வராத சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தவள், உதட்டை இப்போதுதான் பார்த்தாள். வறண்டு, தோல் வெடித்து, ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்து மேசையில், கைக்கெட்டும் தூரத்தில், டம்ளர் நிறையத் தண்ணீர் மூடி வைத்திருந்தது.

"என்னாச்சுக்கா? ஏன் அழறீங்க?"

மைக்கம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டாள்.

"தம்பி, உங்க பொண்ணு பேரைச் சொல்லுங்க."

அவர் வழக்கம்போல நின்று, பிறகு சொன்னார்.

"நிக்காம சொல்லுங்க."

மறுபடியும் நின்றார். மறுபடியும் சொல்ல வைத்தாள். அடுத்த பாடத்துக்கு வந்தவர்களைக் கதவிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். பெயர் தடங்கல் இல்லாமல், தெருவில் விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி அவர் வாயிலிருந்து வந்தபோது, அவருடைய மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைக்காரருக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. "நீங்கதானம்மா சொல்லிக்கொடுத்தீங்க? அப்படி நின்னா கூட்டம் எப்படிச் சாயுது! அதைப் போய் ஏன் விடச் சொல்றீங்க?"

"என் வீட்டுக்காரர் ஒருநாள் அப்படி நின்னாரு தம்பி," என்றாள் மைக்கம்மா. "தண்ணிக்குத்தான் நின்னிருப்பாரு. நான் பக்கத்துலயே உக்காந்து, சொல்லட்டும்னு பார்த்துக்கிட்டு இருந்துட்டேன்."