நீலப் பிள்ளைகளுக்குச் செய்த கிளிப்

மாவக்கா சிரித்தால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். கையில் எந்நேரமும் பிளாஸ்டர் மாவு அப்பிக் கிடக்கும் என்பதால், சிரித்து முடித்துக் கையை எடுக்கும்போது மூக்குக்குக் கீழே ஒரு வெள்ளை மீசை முளைத்திருக்கும். "மீசையைத் துடைங்கக்கா, யாராவது சல்யூட் அடிச்சிடப் போறாங்க" என்பேன். அதற்கும் பொத்திக்கொண்டு சிரித்து மீசையை இன்னும் தடிப்பாக்கிக்கொள்வாள்.

பொத்திக்கொள்வதற்குக் காரணம் அவளுடைய கீழ்த்தாடை. உள்ளே அமுங்கிப் போன தாடை. மேல்பற்கள் முன்னால் நிற்க, உதடு இரண்டும் சேரவே சேராது. பள்ளியில் அணில் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். கல்யாணம் என்று வந்தவர்களும் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள், அவளும் அதோடு விட்டுவிட்டாள். தம்பி வீட்டில் ஒரு அறையில் இருந்துகொண்டு வேலைக்கு வந்துபோவாள்.

பல் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் தாடையைப் பார்க்கும் பிரிவு எங்களுடையது. டாக்டர்கள் பிள்ளையின் வாயில் பசை போன்ற ஒன்றை அழுத்தி அச்செடுப்பார்கள். அந்த அச்சில் பிளாஸ்டரை ஊற்றி, பல்லும் தாடையுமாக வெள்ளைப் பொம்மை எடுப்பது மாவக்காவின் வேலை. அந்தப் பொம்மையின் மேல் கம்பியை வளைத்து, ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கைப் பூசி, கழற்றி மாட்டுகிற கிளிப்பும் அவளே செய்வாள். எதிர் அறையில் எக்ஸ்ரே எடுப்பவள் நான். அவள் என்னைப் படக்காரி என்பாள். எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும் என்று ஊருக்கே தெரியும். இதைச் சொல்லும்போதும் அது இறங்கப் போவதில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பெரிய டாக்டர் ஒரு ஆராய்ச்சி ஆரம்பித்தார். தாடை உள்ளே போன பிள்ளைகளுக்கு ஒரு கிளிப் உண்டு. அதைப் போட்டுக் கடித்தால் கீழ்த்தாடை முன்னால் வந்துதான் நிற்கும். வளரும் வயதில் மாதக்கணக்கில் போட்டிருந்தால் எலும்பே அந்த இடத்துக்கு வளர்ந்துவிடும் என்பது டாக்டரின் நம்பிக்கை. நம்பிக்கை மட்டும் போதாது, நிரூபிக்க வேண்டும் என்றார். வந்த பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார். பாதிப் பேருக்குக் கிளிப். மீதிப் பேருக்கு ஒன்றும் கிடையாது, சும்மா பார்த்துக்கொண்டே இருப்பது. கிளிப் இல்லாமல் தாடை எவ்வளவு வளரும் என்று தெரிந்தால்தானே கிளிப்பால் வளர்ந்தது எவ்வளவு என்று சொல்ல முடியும்? பெற்றவர்களிடம் இதையெல்லாம் விளக்கிச் சம்மதம் வாங்கித்தான் சேர்த்தார். கிளிப் போட்ட பிள்ளைகளின் பொம்மைக்குச் சிவப்பு ஒட்டு, போடாதவர்களுக்கு நீல ஒட்டு. நாளடைவில் பிள்ளைகளே சிவப்புப் பிள்ளைகள், நீலப் பிள்ளைகள் என்றாகிவிட்டார்கள்.

பெரிய டாக்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தாடையை அளக்க உட்காரும்போது எது சிவப்பு எது நீலம் என்று தனக்கே தெரியக் கூடாது என்று ஒட்டின் மேல் துணியைச் சுற்றச் சொல்லுவார். தெரிந்தால் கை தன்னையறியாமல் சிவப்புக்குச் சாதகமாக அளந்துவிடுமாம். அப்படிப்பட்ட மனுஷி.

அந்தத் துணியைச் சுற்றியது மாவக்கா.

முதலில் கேட்டது ஒரு சின்னப் பெண். நீலப் பிள்ளை. அச்செடுத்த பிறகு வாயில் ஒட்டிய பசையைத் துடைத்துக்கொள்ள மாவக்காவின் அறைக்குள் வந்தவள், மேசைமேல் காய்ந்துகொண்டிருந்த கிளிப்புகளைப் பார்த்துவிட்டாள். எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறாள். சீட்டு, குலுக்கல் என்று மாவக்கா ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறாள். அந்தப் பெண் அழவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே போனாள். அவ்வளவுதான், அக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பொம்மை கையில் இருக்கிறது, கம்பி இருக்கிறது, கை பழகிய கை. அடுத்த முறை அந்தப் பெண் வந்தபோது கிளிப் தயாராக இருந்தது. வீட்டில் மட்டும் போடு, இங்கே வரும்போது கழற்றி வைத்துவிட்டு வா, யாரிடமும் மூச்சு விடாதே. பெற்றவளுக்கும் அதே பாடம். ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு இன்னொரு பிள்ளைக்கு இல்லையென்று சொல்ல அவளுக்கு வாய் வருமா? ஒவ்வொருவராக நீலப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் செய்து கொடுத்தாள். அழுத்துகிறது, குத்துகிறது என்றால் பின்வாசல் வழியாக வரச் சொல்லி ராவி விட்டாள். காதும் காதும் வைத்த மாதிரி நடந்திருக்கிறது. எதிர் அறையில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சி முடிந்தது. துணியை அவிழ்த்துக் கணக்குப் பார்த்தார்கள். சிவப்புக்கும் நீலத்துக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டு பக்கமும் தாடை நன்றாக முன்னால் வந்திருந்தது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? கிளிப் போட்டாலும் போடாவிட்டாலும் பிள்ளைகள் வளர வளரத் தாடை தானாகவே சரியாகிவிடுகிறது. கிளிப்பால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பெரிய டாக்டருக்குத் தலையில் கல்லைப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. நான் நம்பிய கிளிப்பை நானே கொன்றேன் என்று என்னிடம் சொன்னார். ஆனால் வந்த முடிவை மறைக்கவில்லை, அப்படியே எழுதி வெளியிட்டார். பேர் கிடைத்தது, மேடை கிடைத்தது. நேர்மைக்கு எடுத்துக்காட்டு என்றார்கள். அன்றைக்கு மாவக்காவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். எல்லாப் பிள்ளைக்கும் தாடை சரியாகிவிட்டது, அவளுக்கு அது போதும். மற்றதை அவள் யோசிக்கவே இல்லை. அறிவு கெட்டவள் என்று நான் சொல்ல மாட்டேன். இளகின மனசு அந்த நேரத்தில் எதிரே நிற்கிற பிள்ளையைத் தாண்டி எதையும் பார்ப்பதில்லை, அதுதான் அதன் கோளாறு.

கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரி அந்தக் கிளிப்பை நிறுத்தியது. பயனில்லாத ஒன்றுக்கு எதற்குச் செலவு, எதற்குப் பிள்ளைகளைப் படுத்த வேண்டும்? தாடை உள்ளே போன பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற தாய்மாரை, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று வாசலிலேயே அனுப்பிவைத்தார்கள். மாவக்காவைப் பல்செட் செய்ய மாற்றினார்கள். சரியாகாமலே வளர்ந்த பிள்ளைகள் திரும்பி வந்தார்களா என்று கேட்காதீர்கள். வந்தார்கள். அவர்களுக்கு மட்டும் ஏதோ விதிவிலக்கு என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டார்கள். மாவக்கா அந்தப் பிள்ளைகளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு மாவு கலப்பாள். அப்போதே அவளுக்குப் புரிய ஆரம்பித்திருக்க வேண்டும்.

முழுக்கப் புரிந்தது தம்பி மகள் விஷயத்தில்தான்.

அந்தப் பெண் அத்தை ஜாடை. பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்க முளைக்க, அத்தையின் வாய் அப்படியே அந்த முகத்தில் வந்து உட்கார்ந்தது. தம்பி தன் மகளைப் பெரிய டாக்டரிடமே கூட்டிவந்தான். அவர் தன் ஆராய்ச்சியை எடுத்துச் சொல்லி, கவலைப்படாதீர்கள், வளர்ச்சியில் சரியாகிவிடும் என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார். மாவக்கா வீட்டில் தானே கிளிப் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள். தம்பி மனைவி கெட்டவள் இல்லை, நியாயமாகத்தான் கேட்டாள்.

"அண்ணி, அவ்வளவு பெரிய டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நீங்க போடணும்கறீங்க. நான் யார் பேச்சைக் கேக்கறது?"

அந்தப் பெண்ணும் கிளிப் போட்டால் பேச்சு குழறும், எச்சில் வழியும், பள்ளியில் சிரிப்பார்கள் என்று முரண்டு பிடித்தாள். அதுதான் தேவையே இல்லையாமே என்றாள். அவளை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும் என்றால் டாக்டரின் வாயால் வர வேண்டும். டாக்டரின் வாயால் வர வேண்டும் என்றால் மாவக்கா தான் செய்ததை அவரிடம் சொல்ல வேண்டும். வேறு வழியே கிடையாது.

சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு, பள்ளி விடுமுறை வரட்டும், டாக்டர் வெளியூரிலிருந்து வரட்டும். இப்படியே தள்ளிப்போட்டாள். வேலை போய்விடும் என்ற பயம் பாதி. தன்னைக் கூடப்பிறந்தவள் மாதிரி நடத்திய மனுஷியின் முகத்தைப் பார்த்து, உங்கள் ஆராய்ச்சியே பொய், பொய்யாக்கியது நான் என்று எப்படிச் சொல்வது என்ற பயம் மீதி. அதற்குள் பெண் மளமளவென்று வளர்ந்து அப்பன் தோளைத் தொட்டுவிட்டாள்.

ஒருநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதைத் தொடாமலே எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினாள்.  அடுத்த நிமிஷம் எனக்குக் கோபம் வந்தது பாருங்கள். வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிள்ளைகள் மேல் பாசம் என்று சொல்லி எத்தனை பிள்ளைகளின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டிருக்கிறாய் என்று கேட்டேன். பொத்திக்கொள்ளக்கூடத் தோன்றாமல், வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாலாவது எனக்குக் கோபம் குறைந்திருக்கும். கடைசியில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன்.

டாக்டர் முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும் மேடம். ஒருத்தருக்குக்கூட இல்லைன்னு சொல்ல முடியல."

"அப்ப கிளிப் வேலை செஞ்சிருக்கு." யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். ஒரு கணம் அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அந்த ஒரு கணம்தான். "நம்ம வாசல்ல இருந்து எத்தனை பிள்ளைங்களைத் திருப்பி அனுப்பியிருப்போம்? என் கட்டுரையைப் படிச்சிட்டு மத்த ஆஸ்பத்திரியில எத்தனை பேரு அனுப்பியிருப்பாங்க? நீ பார்த்தது உன் முன்னாடி நின்ன பிள்ளைங்களை மட்டும். இல்லையாம்மா?"

 டாக்டர் கத்தியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுத வேண்டும் என்றார். பேர், மேடை எல்லாம் அதோடு போகும் என்பது அவருக்கும் தெரியும். பிறகு என்னைப் பார்த்து, நாளைக்கே அந்தப் பெண்ணை வரச் சொல்லுங்கள், கைப்படம் எடுக்கலாம் என்றார்.

கைப்படம் எதற்கு என்றால், பிள்ளைக்கு இன்னும் வளர்ச்சி மிச்சமிருக்கிறதா என்பதை விரல் எலும்பு சொல்லிவிடும். எலும்பின் நுனிக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தால் வளர்ச்சி இருக்கிறது. கோடு மூடிவிட்டால் ஆட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு கிளிப் போட்டு எலும்பை வளர்க்க முடியாது. தாடையை வெட்டி முன்னால் நகர்த்துகிற ஆபரேஷன்தான்.

மறுநாள் அந்தப் பெண் வந்தாள். கையைத் தட்டின் மேல் விரித்து வைக்கச் சொன்னேன். நீளமான அழகான விரல்கள். படம் திரையில் வந்தது. ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன். கோடு இல்லை. மணிக்கட்டுக்கு மேலே மங்கலாக ஒரு சுவடு, அதுவும் மூடிக்கொண்டே வந்தது. பெண் பிள்ளைகளில் சிலருக்கு இப்படிச் சீக்கிரம் முடிந்துவிடும். என் தோளுக்குப் பின்னால் மாவக்கா நின்றிருந்தாள்.  அவளுக்குப் படத்தை விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

அந்தப் பெண் படத்தைப் பார்க்கவில்லை. அத்தையின் பக்கம் வந்து, மாவு ஒட்டிய முந்தானையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அத்தை, பள்ளிக்கூடத்துல என்னை அணில்னு கூப்பிடறாங்க. நீங்க சொன்ன கிளிப்பைச் செஞ்சு தாங்க. எவ்வளவு வலிச்சாலும் போட்டுக்கறேன்."

 இவள் செய்து கொடுத்துவிடுவாள் என்றே நினைத்தேன். எத்தனை பிள்ளைகளுக்குச் செய்தவள், சொந்த ரத்தத்துக்கு மாட்டேன் என்பாளா? பயனில்லாத கிளிப்பைச் செய்து கொடுப்பாள், அந்தப் பெண்ணும் நம்பி ராத்திரியெல்லாம் கடித்துக்கொண்டு கிடக்கும்.

 மாவக்கா குனிந்து பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இல்லடா கண்ணு. நேரம் போயிடுச்சு. இனிமே போட்டாலும் சரியாகாது. அத்தைதான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

அந்த ஆஸ்பத்திரியில் இருந்த எத்தனையோ வருஷங்களில் ஒரு பிள்ளையிடம் அவள் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த மாதமே அவளை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். டாக்டரின் கட்டுரையும் போனது. கிளிப் திரும்ப வந்தது, செய்வது வேறு ஆள். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான்: அந்தப் பெண் சரி அத்தை என்றாள். அழவில்லை. அத்தையைத் தேற்றுவதற்காக லேசாகச் சிரித்தாள், சிரிக்கும்போது கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.