பஞ்சாலையின் இடது கண்

மலாயாவின் சிரம்பானில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கந்தையாவுக்குத் தலை நரைத்த பிறகு படிப்பாசை வந்தது. கருவிழி மேலேயே வைக்கிற சின்ன வில்லை ஒன்று புதிதாய் வந்திருக்கிறது, அதைப் பொருத்தச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கடையைப் பூட்டிவிட்டுச் சிங்கப்பூருக்கு ரயிலேறிவிட்டார். "இந்த வயசிலையும் பள்ளிக்கூடமோ?" என்று மனைவி பூரணம் சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும். மனுஷர் பாடம் முழுவதையும் மனப்பாடமாக்கிக்கொண்டு திரும்பினார்.

முதலில் வில்லை போட்டவள் பஞ்சாலை. புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்துக்குப் பால் வெட்டுகிறவள். இரண்டு கருவிழியும் கூம்புபோல் புடைத்துப்போய், எந்தக் கண்ணாடிக்கும் அடங்காத பார்வை. கத்தி பட்டையைத் தாண்டி மரத்துக்குள் இறங்கிவிடும். இன்னும் ஒரு மரம் காயப்பட்டால் பால்வெட்டிலிருந்து தூக்கிவிடுவேன் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்லியிருந்தார். வலது கண்ணில் வில்லை நிற்கவில்லை. இடது கண்ணில் உட்கார்ந்ததும், "சுவத்துல பல்லி தெரியுதுய்யா" என்றாள். கந்தையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உறுத்தினால் கழட்டி, இந்த உப்புத்தண்ணியில கழுவிப் போடு பிள்ளை. எச்சில் மட்டும் படக் கூடாது" என்று போத்தலைக் கொடுத்தனுப்பினார்.

அடுத்த மாதமே அந்தக் கண் சீழ் பிடித்துச் சிவந்திருக்க வந்து நின்றாள். எச்சில் தொட்டுத்தான் போட்டேன் என்றாள். கந்தையாவுக்கு வந்ததே கோபம்.

"நான் சொன்னது காதில விழேல்லையோ?"

"தோட்டத்துக் கேட்டுல போத்தலப் பறிச்சுக் கொட்டிட்டாங்கய்யா. காட்டுக்காரனுக்கு மருந்து கொண்டு போறியான்னு கேக்குறாங்க. மர நெரைக்குள்ள நல்ல தண்ணிக்கு எங்க போறது? வாயிலதான் ஈரம் இருந்துச்சு."

அவசரகாலம். காட்டிலிருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, சோறோ மருந்தோ வாசலைத் தாண்டக் கூடாது என்பது ஊரறிந்த சங்கதி. அவருக்கும் தெரியும். போத்தலை எப்படி உள்ளே கொண்டுபோவாய் என்று, பாடத்தில் இல்லாததை அவளிடம் கேட்க அன்றைக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைத் தழும்போடு கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால் கண் போய்விடும் என்றார் டாக்டர். ஆறியதும் கந்தையா வில்லையை மறுபடி வைத்துவிட்டு, விடியற்காலையில் தானே அவளோடு தோட்டத்து வாசலுக்குப் போனார். காவல்காரனுக்கு விளக்கிச் சொன்னார். அவன் நம்பவில்லை. போத்தலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தும் காட்டினார்.

"வெறும் உப்புத்தண்ணி, பாருங்கோ."

"உப்பும் போகக் கூடாதுய்யா" என்று சொல்லிவிட்டு அவன் போத்தலைக் கவிழ்த்தான்.

கந்தையா அவள் பக்கம் கையை நீட்டினார். "வில்லையைத் தா பிள்ளை."

"இன்னிக்கு ஒரு நாளு மட்டும் போட்டுக்கிறேனேய்யா."

கந்தையா கையை மடக்கவில்லை. பஞ்சாலை வில்லையைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மண்டோர் அவளுடைய வெட்டுக்கத்தியை வாங்கிக்கொண்டு, புல் வெட்டுகிறவர்களோடு போகச் சொன்னார்.

வாசலைத் தாண்டி நின்றவள் இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"புல்லு வெட்டுறவங்க எங்கய்யா நிக்கிறாங்க?"

அவர்கள் அவளுக்கு நேரெதிரேதான் நின்றிருந்தார்கள்.