சொல்லிக்கொள்ளாமல் போகும் வாசகர்கள்

வலைப்பூவில் எழுதி நூலாக்கும் தொழில், சமையல் முடியும் முன்னரே பந்தியை உட்கார வைப்பதற்கு ஒப்பானது. இத்துன்பத்தை அனுபவிக்கும் அன்பர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

என் நூலின் பொருள், மரணம் நிகழ்ந்த வீட்டில் செய்ய வேண்டிய காரியங்கள். என் கணவர் மறைந்தபோது, சிங்கப்பூர்ப் பாலத்தைக் கடந்தால் வரும் தெப்ராவில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடிய உறவினர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். தலைமையாசிரியையாக ஒரு பள்ளியையே நடத்தியவள், எந்தத் திசையில் தலை வைப்பது என்று தெரியாமல் நின்றேன். மற்றவர்களுக்கு அந்நிலை வரலாகாது என்றே எழுதத் துணிந்தேன். மூவாரில் உள்ள அச்சக உரிமையாளர் அச்சிட இசைந்தார். நான் எனக்கே ஒரு நிபந்தனை விதித்துக்கொண்டேன்: ஒவ்வோர் அத்தியாயமும் முதலில் வலைப்பூவில் வரும், அந்த அனுபவத்தைக் கடந்தவர் ஒருவராவது படித்துத் திருத்தாமல் எதுவும் அச்சுக்குப் போகாது. திருத்துபவர் இல்லையேல் நூலும் இல்லை.

கிழமை

என் மருமகள் மாலதி வலைப்பூவை வடிவமைத்துத் தந்தாள். முதல் அத்தியாயம் ஒரு வெள்ளிக்கிழமை காலை வெளியானது. அதன் இணைப்பை உறவினர் அனைவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். காலை உணவு முடியும் முன்னரே கூலாயிலிருந்து என் நாத்தனார் அழைத்துவிட்டார். செவ்வாய்க்கு மாற்றலாமா என்று கேட்டேன். செவ்வாயும் ஆகாதாம். சனிக்கிழமை என்ற சொல்லை நான் முடிக்கவே அவர் விடவில்லை. இறுதியில் புதன்கிழமைக்கு உடன்பாடு கண்டோம். ஆயினும் அவர் கோபம் தணியவில்லை.

"ஏன் அண்ணி, சாமிக்கு வெளக்கேத்திட்டு வந்து போனத் தொறந்தா பொணப் பெட்டி படம்! அலமாக், படிச்சவங்க நீங்க, கிழமைகூட பாக்க மாட்டீங்களா?"

மீண்டும் வருக

புதன்கிழமைகள் கடந்தன. வருகையாளர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. பின்னூட்டம் ஒன்றுகூட இல்லை. வகுப்பறையின் மௌனத்துக்கு இரண்டே பொருள்கள் உண்டு: எல்லாம் புரிந்துவிட்டது, அல்லது எதுவுமே புரியவில்லை. இது எந்த வகை என்று எனக்கு விளங்கவில்லை. அச்சக உரிமையாளரோ, "இன்னும் எத்தன நாள் டீச்சர்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். திருத்தம் வராவிட்டால் கைவிடுவேன் என்று மாலதியிடம் அறிவித்தேன். நான் சொன்னதைச் செய்பவள் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த வாரம் ஒரு திருமண விருந்தில், ஓய்வுபெற்ற தாதியான சரஸ்வதி என் அருகில் அமர்ந்தார். எல்லா அத்தியாயங்களையும் படித்திருந்தார். சவப்பெட்டி பற்றி நான் எழுதியதில் ஒரு பிழையையும், சோற்றைப் பிசைந்தபடியே, எடுத்துக் காட்டினார். இதை வலைப்பூவிலேயே எழுதியிருக்கலாமே என்றேன். அவர் என்னை வியப்போடு நோக்கினார்.

"எழவு வீட்டுக்குப் போனா யாராச்சும் 'போயிட்டு வரேன்'னு சொல்லுவாங்களா டீச்சர்? பாத்தோமா, சத்தம் போடாம எழுந்து வந்தோமான்னு இருக்கணும். நீங்க என்னடான்னா அடியில 'மீண்டும் வருக'ன்னு வேற போட்டிருக்கீங்க! நான் ஒவ்வொரு வாட்டியும் படிச்சிட்டுப் போய்க் கால் கழுவிட்டு வரேன்."

கூடாரம்

வீட்டுக்கு வந்ததும் 'மீண்டும் வருக' என்பதை நீக்கச் செய்தேன். வடிவமைப்போடு தானாக வந்த வாசகம் என்று மாலதி விளக்கம் சொன்னாள். பிறகு சற்றுச் சிந்தித்தேன். மரண வீட்டுக்குள்தான் மௌனம். வாசலில் போட்ட கூடாரத்தின் கீழ் பேச்சுக்குக் குறைவே இராது. ஆகவே பின்னூட்டங்களுக்குத் தனிப் பக்கம் ஒன்றை அமைத்து, அதற்குக் 'கூடாரம்' என்றே பெயரிட்டேன்.

மறுநாளே நாற்காலிகள் நிரம்பின. திருத்தங்கள் வந்தன, டுரியான் பழத்தின் விலையும் கூடவே வந்தது. மூவாரிலிருந்து எழுதிய பல் மருத்துவர் ஒருவர், யாழ்ப்பாணத்து வழிவந்தவர், "எங்கட ஆக்கள் சுண்ணம் இடிக்காமல் உடலை எடுக்க மாட்டினம். அதை விட்டுப்போட்டு என்ன புத்தகம்?" என்று கண்டித்தார். நியாயமான கண்டனம், பாட்டோடு உரலில் மணப்பொடி இடிக்கும் அந்தச் சடங்குக்குத் தனிப் பகுதி ஒதுக்கினேன். ஆனால் எல்லாரும் அவ்வாறே செய்ய வேண்டும் என்று அவர் மேலும் வாதிட்டபோது, குளுவாங்கிலிருந்து ஓர் இளைஞர் பதில் எழுதினார்.

"அங்கிள், ரிலேக் லா. எங்க தாத்தாவுக்கு எண்ணெ அரப்பு மட்டும் வெச்சுத்தான் அனுப்புனோம். அவரு இதுவரைக்கும் திரும்பி வந்து கொற சொல்லல."

முதலில் எங்கே

நூலை நான் பாடத்திட்டம் போல வகுத்திருந்தேன். ஆன்மா பற்றிய தத்துவம் முதலில். சடங்குகளின் உட்பொருள் அடுத்து. காவல் நிலையமும் அடக்க அனுமதியும் பின்னால். அடிப்படை புரியாமல் செயலில் இறங்கலாகாது என்பது என் கொள்கை.

ஒரு காலை, மெர்சிங்கில் மருந்தகம் நடத்தும் கவிதா என்பவர் கூடாரத்தில் எழுதினார். தந்தை உறக்கத்திலேயே இறந்துவிட்டார். தம்பி சிங்கப்பூரில் இருந்து புறப்பட்டு, எல்லைப் பாலத்து நெரிசலில் நிற்கிறார். வீட்டில் அவர் மட்டும். நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் சரஸ்வதி, வீட்டில் நிகழ்ந்த மரணத்தை முதலில் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கூறிவிட்டார். குளுவாங் இளைஞர் தந்தையாரின் அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பல் மருத்துவர், தம்பி வரும்வரை உடலை எடுக்க அவசரப்பட வேண்டாம் என்றார். வழக்கம் பற்றி எவரும் வாதிடவில்லை. நான் கவிதாவின் எண்ணைப் பெற்று அழைத்து, பிற்பகல் வரை ஒவ்வொரு படியாக உடனிருந்தேன். அன்று மாலையே தத்துவத்தை நூலின் கடைசிக்குத் தள்ளினேன். எனக்கு அதற்கு ஆலோசனை தேவைப்படவில்லை. கவிதா எழுதியிருந்த வரியே போதுமானதாக இருந்தது.

"டீச்சர், ஆத்மா எங்க போகும்னு அப்புறமா படிச்சுக்கிறேன். இப்ப நான் மொதல்ல எங்க போகணும்?"

திருத்தம்

கருமாதி முடிந்தபின் கவிதாவை அழைத்து, புதிய முதல் அத்தியாயத்தைத் திருத்தித் தரக் கேட்டேன். அந்நிலையில் உள்ளவரிடம் வேலை வாங்குவது கடுமை என்றாள் மாலதி. துக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வேலை கொடுப்பது கடுமையாகாது என்பது என் அனுபவம். கவிதா ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பினார். காவல் நிலையம், அனுமதி, மின்சுடலை, பூசாரி என அனைத்தையும் சரி என்று குறித்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரிக்கு முன்னால், ஓர் இடைச்செருகல் இருந்தது. அதன் காரணத்தைத் தொலைபேசியில் கேட்டேன்.

"உடம்ப எடுக்குற வரைக்கும் அடுப்பு மூட்டக்கூடாது, சரி. ஆனா நான் தண்ணிகூட குடிக்கல டீச்சர். நாலு மணிக்குத் தம்பி வந்து கேட்டப்பதான் நெனப்பே வந்துச்சு. தனியா நிக்கிறவங்ககிட்ட அத யாராச்சும் சொல்லணும்."

ஆகவே, சைவ சித்தாந்தத்தில் பட்டம் பெற்ற ஒருத்தி எழுதி, இப்போது மூவாரில் அச்சாகிக்கொண்டிருக்கும் இந்நூல், "முதலில் ஒரு குவளை தண்ணீர் குடியுங்கள்" என்று தொடங்குகிறது; கூடாரத்தில் எவரும் இதுவரை எதிர்வாதம் செய்யாத வாக்கியம் அது ஒன்றுதான்.