பற்றரியில் பூத்த திருநீறு

இதை எழுதுவதா வேண்டாமா என்று நாலு வருடம் தள்ளிப் போட்டுவிட்டேன். இரண்டு தரம் கொப்பியில் தொடங்கிக் கிழித்தும் போட்டேன். எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவன் நான். ஆனால் எழுத்துப் பிழைக்குப் பயந்து அல்ல. வாசிக்கிறவர்கள் என் சாமியைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்றுதான் பயம். பிழை சாமியுடையதல்ல, என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைத் துணிந்து எழுதலாம்.

எங்கள் வீடு கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட. மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. செவ்வாயும் சனியும் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் மெசினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். காலை ஆறரைக்கு அவளுடைய முறை. பிந்தினால் அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவரும் எங்களைப் போல உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்தானே, குறை சொல்ல முடியாது. முதல் பஸ் அந்த நேரத்துக்குப் போய்ச் சேராது. அதனால்தான் ஒரு துண்டு வயலை விற்றுப் பழைய யப்பான் கார் ஒன்று வாங்கினேன்.

வெள்ளிக்கிழமைகளில் அவள் விளக்கு வைத்துவிட்டுத் திருநீற்றுத் தட்டோடு காரடிக்கு வருவாள். நான் முன்மூடியை, அந்தப் பொனற்றைத் தூக்கிப் பிடிப்பேன். பற்றரியில் வயர் பூட்டியிருக்கும் இரண்டு ஈய முனையிலும் திருநீறு பூசி, நடுவில் குங்குமம் வைப்பாள். "இதுதான் காருக்கு நெஞ்சு எண்டு நீங்கதானே சொன்னீங்க," என்பாள். ஓம், நான்தான் சொன்னது.

ஒரு மழைக்காலத்தில் கார் மக்கர் பண்ணத் தொடங்கியது. விடியப்புறம் திறப்பைத் திருப்பினால் எஞ்சின் சுற்றாது. டக் என்று ஒரு சத்தம், முன்னால் எரிகிற சின்ன வெளிச்சங்கள் மங்கிப் போகும், அவ்வளவுதான். நாலைந்து தரம் திருப்பிய பிறகு, நித்திரைக் கலக்கத்தில் எழும்புகிறவன் போல முக்கி முக்கிச் சுற்றும். பின் சீட்டில் அவள் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு சிவசிவ என்று சொல்லிக்கொண்டிருப்பாள். நான் கண்ணாடியில் அவளைப் பார்க்க மாட்டேன்.

அப்படி ஒருநாள் பொனற்றைத் திறந்தேன். முனையில் அவள் பூசியதைவிடக் கூடத் திருநீறு இருந்தது. பொரிபோலப் பொங்கி, வயர்ப் பூட்டின் மேலால் வழிந்திருந்தது. சில வீடுகளில் சாமிப் படத்திலிருந்து திருநீறு கொட்டுகிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு திறப்பைத் திருப்பினேன். மூன்றாம் தரத்தில் கார் எழும்பியது.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி நாள் ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் நின்றுவிடும் என்று நினைத்தேன். நெற்றி அரித்துக் கடித்தது, பிறகு சிவந்து தோல் உரிந்தது. சோதிக்கிறார் என்று பொறுத்துக்கொண்டேன். அந்த வெள்ளையில் ஒரு நீலம் இருந்ததையும் கண்டேன்தான். கண்டும் காணாமல் விட்டேன்.

சாமியை நம்பினாலும் காரைக் காத்தான்குடியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டாமல் விடவில்லை. நான் அவரை நானா என்பேன், முஸ்லிம் ஆட்களுக்கு அதுதான் அண்ணன்; அவர் என்னை அண்ணன் என்பார். யார் மூத்தவர் என்று இருவருக்கும் தெரியாது. அவர் மீற்றரின் இரண்டு ஊசியையும் ஈய முனைகளில் வைத்துப் பார்த்தார். "பற்றரிக்கு ஒண்டுமில்ல அண்ணன், பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல காட்டுது," என்று சொல்லி, ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றித் அதற்குள் தேய்ந்த காபன் கட்டையை மாற்றிவிட்டார். இரண்டு நாள் பரவாயில்லை. மறுகாவும் அதே டக்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் அசையவேயில்லை. இறங்கிப் போய் இரண்டு சிட்டிகை எடுத்தேன். ஒன்று எனக்கு. மற்றதை அவளுடைய நெற்றியில் பூசினேன்.

"எரியுது," என்றாள்.

"பொறு புள்ள," என்றேன்.

கார் எழும்பவில்லை. முன்வீட்டு ஓட்டோ அன்றைக்கு வெள்ளனவே கல்முனைக்குப் போய்விட்டது. பஸ்ஸில் போய்ச் சேர எட்டு மணி தாண்டிவிட்டது. அடுத்த நாள் பின்னேரம்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. அந்த ஒன்றரை நாளும் அவளால் படுக்க முடியவில்லை. கால் வீங்கி, மூச்சு முட்டி, சுவரில் சாய்ந்தபடியே இருந்தாள். நான் பக்கத்தில் இருந்து விசிறினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் போனில் சொன்னதைக் கேட்டு, வியாழக்கிழமை நானா சைக்கிளில் வீட்டுக்கே வந்துவிட்டார். என்னை உள்ளே ஏறித் திறப்பைத் திருப்பச் சொன்னார். மீற்றரை முதலில் ஈய முனையில் வைத்தார். பிறகு அந்த முனையைக் கவ்வியிருக்கும் வயர்ப் பூட்டில் வைத்து, இன்னொரு தரம் திருப்பச் சொன்னார்.

"இறங்கி வாங்க அண்ணன். பற்றரி குடுக்குது, வயருக்கு வந்து சேரல்ல. இடையில என்னமோ தடுக்குது."

குனிந்து பார்த்தார். பிறகு ஒரு அடி பின்னால் வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"கோவிக்கப்படாது. இந்த வெள்ள உங்கட திருநீறா, ஊத்தையா?"

"திருநீறு."

"நீலம் அடிக்குதே."

நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"போன தரமும் கண்டனான். உங்கட சாமிட சாமான்ல நான் கை வெச்சாப் பிழை எண்டு விட்டுட்டன். அசிட் கசிஞ்சு பூக்கிற உப்பும் இப்பிடித்தான் இரிக்கும். கழுவிப் பாத்தாத் தெரியும். நான் தொடல்ல, நீங்களே கழுவுங்க. சொல்லித்தாறன்."

சொல்லித் தந்தார். முதலில் மைனஸ் வயர், பிறகு பிளஸ் வயர். கழற்றினேன். சுடுதண்ணீரில் அப்பச் சோடா கலந்து ஊற்றினேன். அது சீறிக்கொண்டு நுரைத்தது. திருநீறு நுரைக்காது. அந்த நுரை அடங்கும் வரை நான் தலை நிமிரவில்லை. கழுவிய இடத்தில் ஈயம் பழுப்பாக, அரித்துப்போய்த் தெரிந்தது. அரத்தாளால் தேய்த்து, துடைத்து, பூட்டினோம். ஒரே திருப்பில் எஞ்சின் எழும்பியது.

நானா என் நெற்றியைப் பார்த்தார், பற்றரியைப் பார்த்தார். விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். சைக்கிளில் ஏறும்போது மெதுவாக, "நெத்தியயும் ஒள்ளுப்பம் நல்ல தண்ணியால கழுவுங்க அண்ணன்," என்றார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, அவள் தட்டோடு வந்தாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். தன் நெற்றியைத் தடவிப் பார்த்தாள்.

"அப்ப என்ட நெத்தியில அசிட்டையா பூசினீங்க?"

"ஓம் புள்ள."

"நல்ல காலம், வாயில போடச் சொல்லல்ல."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "மூடுங்க அத," என்று பொனற்றை மூடச் சொல்லி, அதன் மேலே மூன்று விரலால் இழுத்துப் பூசினாள். "சாமி வெளியில நிண்டும் பாப்பார்."

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தாள். காரால் ஒரு முறையும் தவறவில்லை. சிறுநீரக வருத்தம் முற்றித்தான் போனாள். தவறிய அந்த ஒரு முறையால் அல்ல என்று டொக்டரும் சொன்னார். நம்புகிறேன். ஆனாலும் கோயிலில் ஐயர் திருநீறு தந்தால் என் விரல் அதை ஒருகணம் தேய்த்துப் பார்க்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு பிறகுதான் பூசுகிறேன். இன்னும் அந்தப் பழக்கம் விட்டுப் போகவில்லை. இப்படிச் சந்தேகப்பட்டே எனக்குக் களைத்துவிட்டது.

இதை வாசிக்கிறவர்கள் கார் வைத்திருக்கும் யாருக்காவது சொல்லுங்கள். ஆனால் உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். சாமியைக் குறைக்க வேண்டாம், என்னை நல்லவனாக்கவும் வேண்டாம். முனையில் வெள்ளை பூத்தால் அது உப்பு, மைனஸ் வயரை முதலில் கழற்ற வேண்டும். அவள் எரியுது என்றாள், நான் பொறு என்றேன். சொல்லும்போது அந்த இரண்டு சொல்லையும் விட்டுவிடாதீர்கள்.