யன்னலடியில் நின்ற பிள்ளை

என் மகள் சுனாமியைக் கண்டவள் அல்ல. அது வந்துபோன அடுத்த வருடம்தான் பிறந்தாள். அந்தக் காலையில் சாய்ந்தமருதுக் கடற்கரை வீட்டில் இருந்த என் உம்மாவும் தங்கையும் கடலோடு போய்விட்டார்கள். நான் ஆட்டோவில் ஆள் ஏற்றிக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் போயிருந்ததால் தப்பினேன். பிறகு நானும் மனைவியும் மெயின் ரோட்டுக்கு மேற்கே, வயல் பக்கமாக ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். அங்கே கடல் சத்தம் கேட்காது. ஆனாலும் விடியலில் சுபஹு தொழுதுவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவேன். தண்ணீர் அதனிடத்தில்தான் இருக்கிறது என்று பார்த்த பிறகே அன்றைய ஓட்டம் தொடங்கும்.

மகள் பிறந்ததும் அந்தக் காவல் அவள் பக்கம் திரும்பியது. காய்ச்சல் இல்லாத நாளிலும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். மூன்று வயது தாண்டியும் முள் சிக்கிவிடும் என்று மீனை நானே பிசைந்து ஊட்டினேன். அவள் முற்றத்தில் ஓடினால் நானும் பின்னால் ஓடுவேன்.

"இஞ்சருங்க, விழட்டுமே. மணல்தானே," என்பாள் மனைவி. அவளும் அதே கடலுக்குத் தப்பியவள்தான். ஆனால் அவளுக்கு இரவில் நித்திரை வந்தது, எனக்கு வரவில்லை.

மகளை நேர்சரியில் சேர்த்தோம். அந்த வழியால் ஆள் ஏற்றிப் போகும்போதெல்லாம் நான் வாசலில் ஒரு தரம் நிறுத்தி ஹோன் அடிப்பேன். ஆள் கிடைக்காத நேரத்திலும் போய் அடிப்பேன். வாப்பா பக்கத்தில்தான் இருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரிந்தால் தைரியமாக இருப்பாள் என்பது என் எண்ணம்.

ஒருநாள் கூட்டிவரப் போனபோது நேர்சரி டீச்சர் என்னை மறித்தார். எங்கள் தெருப் பிள்ளைதான், என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவர்.

"காக்கா, ஒண்டு சொல்லணும். கோவிக்கப்படா."

"சொல்லுங்க டீச்சர்."

"மகள் விளையாடுறதே இல்ல. யன்னலடியிலேயே நிக்கிறா. நீங்க ஹோன் அடிச்சிட்டுப் போனாக் கொஞ்ச நேரம் வந்து இருப்பா. பிறகு திரும்பவும் யன்னல்தான்."

"அவட தைரியத்துக்குத்தானே நான் வாறன்?"

டீச்சர் கொஞ்சம் தயங்கினார். "வாப்பா என்னத்துக்கு வாறார் எண்டு நானும் கேட்டன் காக்கா. 'இஞ்ச ஏதும் நடந்திருமா எண்டு பாக்க வாறார்' எண்டு சொன்னா."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை காதில் நின்றது. அதற்கு முன்பே மகளுக்குக் காலையில் வயிற்றுவலி வரத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார்கள். மனநலப் பிரிவில் ஒரு டொக்டர் இருக்கிறார், அவரிடம் காட்டுவோம் என்று மனைவி சொன்னபோது நான் மறுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மறுக்கவில்லை.

அந்த டொக்டர் மட்டக்களப்புப் பக்கத்துப் பெண். மகளுக்கு ஒரு பெட்டி நிறைய மரக்கட்டைகளைக் கொடுத்து நிலத்தில் இருத்திவிட்டு எங்களோடு வீட்டைப் பற்றியும் சுனாமியைப் பற்றியும் பொதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார். மகள் கட்டைகளை அடுக்கினாள். உயரம் கூடக் கூட நான், "மெல்ல மகள்... கையில விழும்... மெல்ல," என்றுகொண்டிருந்தேன். ஒவ்வொரு தரமும் அவள் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவு நேரமும் நான் புள்ளையப் பாக்கயில்ல. உங்களத்தான் பாத்தன்," என்றார் டொக்டர்.

எனக்கு முகம் சுண்டிப்போனது. அவர் அதைக் கண்டுவிட்டு, "குறை சொல்லயில்ல," என்றார். "உங்களுக்கு நடந்தது சின்ன விஷயமில்ல. உங்கட பயத்துக்குக் காரணம் இருக்கு. ஆனா அந்தக் காரணம் புள்ளைக்குத் தெரியாது. அவவுக்குத் தெரியிறது உங்கட முகம் மட்டும்தான்."

"அப்ப முகத்த மறைக்கவா டொக்டர்?"

"மறைச்சாலும் கண்டுபிடிச்சிருவாங்க. பயம் வந்தா, பயமா இருக்கு எண்டு ஒருக்காச் சொல்லுங்க. அதோட நிப்பாட்டாதீங்க. அடுத்து என்ன செய்யப்போறம் எண்டும் சொல்லுங்க. பயம் வந்தாலும் ஆக்கள் தங்கட வேலையச் செய்வாங்க எண்டு அவ பாக்கட்டும்."

முதல் வேலை எனக்குத்தான் தந்தார். காலையில் விடும்போது ஒரே ஒரு ஸலாம், எப்போது வருவேன் என்று ஒரே ஒரு தரம் சொல்வது, சொன்ன நேரத்தில் போவது. இடையில் போகக் கூடாது. போகவேண்டும் என்று மனம் பதறினால் பொறுத்துப் பார்க்கவேண்டும். அது ஏறி, பிறகு தானாக இறங்கும் என்றார்.

முதல் நாள் கல்முனைச் சந்தைக்குப் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தேன். இரண்டு தரம் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணி நிறுத்தினேன். கடைசியில் சாவியைக் கழற்றிப் பக்கத்து ஆட்டோக்காரக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டேன். "என்னடாப்பா, ஓடுற எண்ணமில்லையா?" என்று சிரித்தான். கொஞ்சம் பொறு, பிறகு தா என்றேன். ஒரு பிளேன்டீ குடித்தேன். டொக்டர் சொன்னது உண்மைதான். ஏறிய பதற்றம் இறங்கியது. திரும்ப ஏறியபோது முதல் தரம் போல அவ்வளவு உயரத்துக்குப் போகவில்லை.

அன்று மகள் யன்னலடியில் அழுதுகொண்டிருந்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். மனைவிகூட, "இந்தப் பாடு தேவையா?" என்று கேட்டாள். ஆனால் சில கிழமைகள் போக, ஒரு மத்தியானம் நான் போய் வாசலில் நின்றபோது யன்னலில் ஒருவரும் இல்லை. மகள் மணல் குவியலில் இன்னொரு பிள்ளையோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததை அவள் காணவே இல்லை. சந்தோஷமாக இருந்தது, அதோடு நெஞ்சுக்குள் ஒரு வெறுமையும் இருந்தது. கூப்பிடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மீன் முள்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மனைவி அவளுக்கு முள் எடுக்கப் பழக்கிய நாட்களில் நான் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன்.

அந்த வருடம் மே மாதத்தில் ஒருநாள் நானும் மகளும் வீட்டில் தனியே இருந்தபோது ரோட்டில் படபடவென்று வெடித்தது. நான் வெடிச்சத்தத்தோடு வளர்ந்தவன். யோசிக்க முன்பே உடம்பு சுவரோடு ஒட்டிக் குந்திவிட்டது. மகள் விளையாட்டை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"வாப்பா பயந்துட்டன் மகள்," என்றேன். "என்ன சத்தம் எண்டு தெரியா. இப்பிடியே இருந்து கேப்பம், சரியா?"

அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினாள். கேட்டுக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால், "யுத்தம் முடிஞ்சிட்டாம்! பட்டாசு கொளுத்துறாங்க!" என்று கத்தினார். அந்தப் பட்டாசுச் சத்தம் எங்கள் ஊரிலும் பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் எத்தனை பேருக்கு எத்தனை விதமாகக் கேட்டிருக்கும் என்று பிறகு பல தரம் யோசித்திருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு மகளின் கை மட்டும்தான் நினைவில் இருந்தது.

"இப்பயும் பயமா வாப்பா?"

"ஓம், கொஞ்சம்."

"எனக்கும் கொஞ்சம்தான்," என்று சொல்லிவிட்டு எழும்பி விளையாடப் போய்விட்டாள். நான் எழும்ப அவளைவிட அதிக நேரம் எடுத்தது.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு வகுப்புப் பிள்ளைகளைச் சாகாமம் குளத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். போகலாம் என்று நானே டீச்சரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, அவர்கள் போன அன்றைக்கு நிந்தவூருக்கும் கல்முனைக்கும் இடையில் விடாமல் ஓடிக்கொண்டிருந்தேன். பின்னேரம் பஸ்ஸில் இருந்து ஒரு காலில் மட்டும் செருப்போடு, வெயிலில் முகம் கறுத்து இறங்கினாள். மற்றச் செருப்பு சேற்றுக்குள் போய்விட்டதாம்.

தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேட்க வாய்வரை வந்தது. அதை விட்டுவிட்டு, "என்னென்ன கண்டீங்க மகள்?" என்று கேட்டேன். கொக்கு, நீர்க்காகம், தாமரைப்பூ, எருமை என்று தொடங்கியவள் வீட்டுக்கு வந்தும் நிறுத்தவில்லை. சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே எருமை குளித்த விதத்தை நடித்துக் காட்டினாள். "முதல்ல தின்னு புள்ள, ஆறிப்போகுது," என்றாள் மனைவி.