பாலைவனத்தில் ஒரு கறுப்புக் குடை

எண்பதுகளின் தொடக்கம். ஒரு மார்ச் மாதம். ராஜஸ்தானில் ஜெய்சால்மர் என்ற பாலைவன ஊரில் நடந்தது இது. கொச்சியில் மட்டாஞ்சேரிக்காரனான என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது மிளகு. எங்கள் ஊர் பஜாரில் ஒரு சேட்டின் மலைச்சரக்குக் கிடங்கில் மிளகுக்குத் தரம் பார்க்கும் வேலை எனக்கு. ஒரு மணியைக் கடித்தால் போதும், எந்த மலைச் சரக்கு, ஒழுங்காகக் காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவேன். "இவன் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது" என்று சேட்டு எல்லோரிடமும் சொல்வார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சிரிக்க உதவும்.

சேட்டின் மகளுக்குக் கல்யாணம், அவருடைய சொந்த ஊரான ஜோத்பூரில். என்னையும் என் மனைவியையும் செலவு கொடுத்து அழைத்திருந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம் அது. விருந்தெல்லாம் முடிந்தபிறகு ஒரு நாள் சும்மா இருந்தது. இரவு ரயிலில் ஏறினால் விடியும்போது ஜெய்சால்மர். பகலெல்லாம் சுற்றிவிட்டு அன்றிரவே திரும்பும் ரயிலைப் பிடித்துவிட வேண்டும். பிடிக்காவிட்டால் மறுநாள் சேட்டு வீட்டுக் கூட்டம் எங்களை விட்டுவிட்டுக் கொச்சிக்கு ரயிலேறிவிடும்.

என் மனைவி மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில், மழை ஓயாத சுள்ளிக்கல்லில் பிறந்து வளர்ந்தவள். குடையில்லாமல் வாசல் தாண்ட மாட்டாள். பாலைவனத்துக்கும் எடுத்துக்கொண்டாள், நல்ல நீளக் காம்பு வைத்த கறுப்புக் குடை. கொச்சியிலிருந்து ஜோத்பூர் வரை ரயிலில் ஏறினவர் இறங்கினவர் எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். "மழையே இல்லாத ஊருக்குக் குடையோட போற ஒரே பொம்பளை இவதான்."

"மழைக்கு மட்டுந்தான் குடையா? வெயிலென்ன உங்களுக்கு மாமனா மச்சானா?" என்றாள் அவள். அதோடு விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

காலையில் இறங்கியதும் இரண்டு பேருக்கும் வாய் பிளந்துவிட்டது. ஊரே மஞ்சள் கல். மணல் மேட்டின்மேல் வெல்லக்கட்டியில் செதுக்கி வைத்தது மாதிரி ஒரு கோட்டை. நம் பக்கத்துக் கோட்டை என்றால் உள்ளே வௌவால் இருக்கும், டிக்கெட் கிழிப்பவர் இருப்பார். இங்கே கோட்டைக்குள் குடித்தனம் நடக்கிறது. வெங்காயம் வதங்கும் வாசனை வருகிறது. மட்டாஞ்சேரியில் சுவர் என்றால் பாசி, பாசிக்கு மேல் ஈரம், ஈரத்துக்கு மேல் இன்னும் கொஞ்சம் பாசி. இங்கே சுவரைத் தொட்டால் அப்பளம் மாதிரி இருந்தது. காலையில் ரயிலில் நனைத்துப் பிழிந்த கைக்குட்டை, கோட்டை வாசலுக்கு வருவதற்குள் மொறமொறத்துவிட்டது. எங்கள் வீட்டில் ஆடி மாதம் துவைத்த சட்டை ஆவணியில்கூட ஈரமாக இருக்கும்.

சில வீட்டு முகப்புகளில் பிள்ளையார் படம் வரைந்து பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தார்கள். அந்த வீட்டில் நடந்த கல்யாணத்தின் அழைப்பிதழ் அது என்று கைச்சாடையில் தெரிந்துகொண்டோம். பத்திரிகையைச் சுவரிலேயே எழுதிவிட்டால் கல்யாணத்துக்கு வராதவன் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. ஒரு வாசலில் ஒரு பெண் மணலைப் போட்டுப் பாத்திரம் தேய்த்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆனால் பாத்திரம் கண்ணாடியாக மின்னியது. என் மனைவி அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள். "நம்ம மீன் சட்டி இதுக்கு அடங்குமா?" என்று என்னைக் கேட்டாள்.

அவளுக்கு மனிதர்களைப் பார்க்க ஆசை. எனக்கோ கல்லைப் பார்க்க ஆசை. ஜன்னலா அது? கல்லில் பின்னிய சரிகை. சில சுவர்களில் சாந்தே பூசாமல் கல்லைக் கல்லோடு கோத்திருந்தார்கள். நான் கழுத்தை வானத்துக்குத் திருப்பினவன்தான், பிறகு இறக்கவே இல்லை.

வெயில் ஏறியதும் அவள் குடையை விரித்தாள். அதோடு என் மானம் போயிற்று. கறுப்புக் குடைக்குள் ஒரு பெண் நடந்து வருவதை அந்தத் தெருக்கள் அதுவரை பார்த்ததே இல்லை போலிருக்கிறது. பிள்ளைகள் பின்னால் வந்தார்கள். ஆடு வந்தது. ஒரு வெள்ளைக்காரர் கோட்டையைப் படமெடுப்பதை நிறுத்திவிட்டு இவளைப் படமெடுத்தார். நான் என்ன செய்தேன்? பத்தடி முன்னால் போய், கல்யாணமே ஆகாதவன் மாதிரி நடந்தேன். "மெல்லப் போங்க" என்று இரண்டு மூன்று தரம் குரல் வந்தது. வேடிக்கை பார்த்துப் பின்தங்குகிறாள் என்று நினைத்துக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மதியம் தாண்டியிருக்கும். கோட்டைக்குக் கீழே ஒரு சந்து. அங்கே ஒரு மாளிகையின் உப்பரிகையில் மயில் செதுக்கியிருந்தார்கள். எனக்குள் இருந்த அறிஞர் விழித்துக்கொண்டார். "பார்த்தியா, அந்தக் கழுத்து வளைவைக் கவனி, உளி எப்படி விளையாடியிருக்கு பாரு" என்று விளக்கினேன். பதில் இல்லை. ரசனையே கிடையாது என்று அலுத்துக்கொண்டு திரும்பினேன். அவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு பசு.

மனைவியைக் காணோம்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. வந்த வழியே போனேன். எல்லாச் சந்தும் மஞ்சள், எல்லா மூலையும் ஒன்றுபோல. போன சந்துக்கே திரும்ப வந்தேன். அதே பசு நின்றது. அப்போதுதான் பையைத் தடவிப் பார்த்தேன். பணமும் டிக்கெட்டும் என் பையில். அவள் கையில் ஒரு குடையைத் தவிர எதுவும் கிடையாது. இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. மட்டாஞ்சேரியில் பெண்டாட்டியைத் தொலைப்பது நடக்காத காரியம், கடைக்குக் கடை கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள். இங்கே எனக்கு யாரைத் தெரியும்? வெயில் வேறு சாய ஆரம்பித்திருந்தது.

ஓடிப்போய் ஒரு சாயாக்கடையில் நின்றேன். எனக்கு இந்தி தெரியும் என்று இவ்வளவு நாளும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன் அல்லவா? அது கிடங்கு இந்தி. மூட்டை, எடை, ஈரம், சரக்கு, அவ்வளவுதான். "சரக்கைக் காணோம். நல்ல சரக்கு. காலையில்தான் வந்தது" என்று கதறினேன். கடைக்காரர் பதறிப்போய், பெட்டியா மூட்டையா என்று கேட்டார். கழுத்தில் தாலி இருப்பதுபோலத் தொட்டுக் காட்டி, முந்தானையை இழுத்து விடுவதுபோல நடித்தேன். கடையே எழுந்து நின்றுவிட்டது.

கடைக்காரர் நிதானமானவர். உட்கார்ந்திருந்தவர்களின் தலைப்பாகைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா. சேலை எந்த நிறம் என்கிறார். எனக்குப் புரிந்துவிட்டது. பதில்தான் இல்லை. சிவப்புக்குத் தலையாட்டினேன். மஞ்சளுக்கும் ஆட்டினேன். ஊதாவுக்கும். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சுள்ளிக்கல்லில் வைத்துத் தமிழில் கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரிந்திருக்காது என்று அப்போதுதான் உறைத்தது. அந்த மயிலின் கழுத்தில் எத்தனை வளையம் என்று கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன்.

கடைசியில், வெட்கத்தை விட்டு, குடை விரிப்பதுபோல நடித்தேன். ஒரு பெரியவர் வானத்தைப் பார்த்துப் பொக்கைவாயைத் திறந்து சிரித்தார். மழையைத் தேடுகிறேன் என்று நினைத்துவிட்டார். நாங்களுந்தான் தேடுகிறோம் என்பதுபோலக் கையை விரித்தார். சட்டென்று ஒரு சொல் ஞாபகம் வந்தது. எனக்கு இந்தியில் தெரிந்த நிறங்கள் இரண்டே இரண்டு, மிளகின் கறுப்பும் வெள்ளையும். கறுப்பு என்றால் காலா. "காலா! காலா!" என்று கத்திக்கொண்டே மறுபடி குடையை விரித்தேன்.

கடையில் வெடி வெடித்த மாதிரி இருந்தது. "ஓ!" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். முதலிலேயே இதைச் சொல்லக் கூடாதா என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பெரியவர் பக்கத்திலிருந்தவருடைய பச்சைத் தலைப்பாகையைத் தட்டினார், இது சேலை. இன்னொருவருடைய மஞ்சளைத் தட்டினார், இது கரை. அப்புறம் ஒரு இளைஞன் எழுந்து நடித்தே காட்டினான். இடது காலை நொண்டிக்கொண்டு, ஒரு கையில் குடை, மறு கையில் வார் அறுந்த செருப்பு. அப்படி ஒரு பெண் வந்தாளாம். முன்னால் போகிறவனைக் கூப்பிட்டாளாம். அடுத்து அந்த முன்னால் போனவனாக மாறினான். கைகளைப் பின்னால் கட்டி, நெஞ்சை நிமிர்த்தி, கழுத்தை மேலே தூக்கி, கொக்கு மாதிரி நடை. கடை குலுங்கிச் சிரித்தது. அவன் தன் காதைத் தொட்டு, கையை ஆட்டினான். பாவம், அந்த ஆள் செவிடு.

அந்தக் கழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

சிரிப்பு மெல்ல அடங்கியது. எல்லோரும் என் கழுத்தையே பார்த்தார்கள். அது நீதானா என்று இளைஞன் விரல் நீட்டினான். நான் என் காதைத் தொட்டு, ஆமாம் என்று தலையாட்டினேன். செவிடு என்றால் இரக்கமாவது படுவார்கள். உண்மையைச் சொன்னால் என்ன செய்திருப்பார்களோ!

பிறகு அந்த ஊர் என்னைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுபோயிற்று. ஒரு மூலையில் வளையல் விற்பவர், அடுத்த மூலையில் மாவு மில்காரர், அதற்கடுத்து ஒரு பல்லில்லாத பாட்டி. எல்லோருக்கும் ஒரே சைகைதான், குடை விரிப்பது. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரு காலை நொண்டிக் காட்டினார்கள். ஒவ்வொரு நொண்டலும் எனக்கு ஒரு குட்டு.

சுவரில் பிள்ளையார் வரைந்த ஒரு வீடு. படியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். காலில் கிழிந்த துணிக்கட்டு. விரித்த குடை தரையில் கூடாரம் மாதிரி சாய்ந்து கிடந்தது. அதன் நிழலில் ஒரு கைக்குழந்தை தூங்கியது, அதை ஒட்டி ஒரு ஆட்டுக்குட்டியும். காலையில் மணலில் பாத்திரம் தேய்த்த அதே பெண் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி விரலை உதட்டில் வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க. இப்பத்தான் கண்ணசந்திருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. "பயந்துட்டியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எதுக்குப் பயம்? காலையிலேர்ந்து ஊரே என்னைத்தானே பார்த்துட்டிருந்துச்சு. நீங்க ஒருத்தர்தான் பார்க்கலை."

கோபமாகச் சொல்லவில்லை. மீன் சட்டியைப் பற்றிக் கேட்ட அதே குரல்தான். கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. ஒரு குவளைத் தண்ணீரில் அதைக் கழுவிவிட்டிருக்கிறாள் அந்தப் பெண். பாத்திரத்துக்கே மணலைப் போடுகிற வீட்டில், முன்பின் தெரியாத ஒருத்தியின் காலுக்குத் தண்ணீர்!

குழந்தை விழித்தபிறகுதான் கிளம்பினோம். அந்தப் பெண் தன் பழைய செருப்பை இவளுக்கு மாட்டிவிட்டாள். "குடையை நான் பிடிக்கிறேன்" என்றேன். வெயில் இறங்கிவிட்டிருந்தது, குடைக்கு வேலையே இல்லை. ஆனாலும் அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, அவள் காலுக்குத் தகுந்த வேகத்தில், பக்கத்திலேயே நடந்தேன். வழியெல்லாம் கைதட்டினார்கள். சாயாக்கடைக்காரர் ஓடிவந்து என் காதோடு வாயை வைத்து, ஊரே அதிரும்படி ஏதோ வாழ்த்தினார்.

"ஏன் அவர் உங்க காதுல கத்துறாரு?" என்றாள்.

"இங்கே அதுதான் மரியாதை" என்றேன்.

அவள் என் காதைப் பார்த்தாள், கடையைப் பார்த்தாள். "ம்" என்றாள். பல வருஷமாக அந்த "ம்" எங்கள் வீட்டில் புழக்கத்தில் இருக்கிறது. ரயிலைப் பிடித்துவிட்டோம். அவள் முடிந்து கொண்டுவந்த மணலுக்கு மீன் சட்டி அடங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போதும் மழைக்காலச் சாயங்காலங்களில் மட்டாஞ்சேரி படகுத்துறையில், அக்கரைக்குப் போய்த் திரும்பும் அவளுக்காகக் காத்து நிற்பேன். படகிலிருந்து கறுப்புக் குடைகளாக இறங்கும், ஒரு முகமும் தெரியாது. எனக்கு முகம் வேண்டியதில்லை, நடை போதும். காலையில் அவள் கிளம்பும்போது வாசலில் நின்று சேலையை ஒரு தரம் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்வேன். "என்ன அப்படிப் பார்க்கிறீங்க?" என்பாள். ஒன்றுமில்லை என்பேன். யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிய வேண்டும் அல்லவா?