அண்ணனுக்கு எழுதிய மாத்திரை

என் அண்ணனின் வாய் அசைவுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த விட்டமின் மாத்திரைகளை நான் என் முகத்தில் பூசிக்கொண்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட!

யாரும் இல்லாத இடத்தில் யாரோ தன்னை ஏசுவதாக அண்ணன் சேவியர் சொல்வான். பல வருடம் சாப்பிட்ட மருந்து அதை அடக்கியது. ஆனால் அவன் வாயில் இந்த அசைவைக் கிளப்பிவிட்டது. உதடு தானாகச் சப்பும், நாக்கு வெளியே துழாவும். ஒரு ஞாயிறு மாதா கோயிலில் நற்கருணை வாங்கும்போது அப்பம் அவன் வாயிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அதோடு கோயிலுக்குள் வருவதை நிறுத்திவிட்டான். பூசை முடியும்வரை வெளியே சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நிற்பான்.

"கேக்கும்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. மேல மோசமாகாம தடுக்கலாம். பழைய மருந்தோட இதையும் தவறாம குடுத்துப் பாருங்க" என்று அந்த விட்டமினை எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

வீடு திரும்பும் வழியில் வில்லியனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, அண்ணன் பக்கத்தில் நின்று பார்க்க வாங்கினேன். பச்சை நிறத்தில், உள்ளே எண்ணெய் உள்ள விட்டமின் ஈ. அந்த வாரம்தான் கோயிலில் என் கல்யாண ஓலையை, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்ற அறிவிப்பை, வாசித்திருந்தார்கள்...

ஊசியால் குத்திப் பிழிந்து பூசினால் முகம் பளபளக்கும் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். பெண் கறுப்பு என்று மாப்பிள்ளை வீட்டில் முனகியிருந்தார்கள். முதலில் ஒன்றுதான் எடுத்தேன். பிறகு தினமும்! அண்ணன் கையை நீட்டுவான். நான் கொடுத்த பழைய மாத்திரையை மட்டும், பார்க்காமலேயே விழுங்குவான்.

இன்னொரு அட்டை வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கியிருக்கலாம். கைக்கு எட்டியது, எடுத்தேன். அவ்வளவுதான்.

என் கல்யாணப் பூசைக்கும் அவன் வெளியேதான் நின்றான்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது அவன் வாய் இன்னும் மோசமாகியிருந்தது. "விட்டமின் குடுத்தீங்களா?" என்று அண்ணனை வைத்துக்கொண்டே டாக்டர் கேட்டார்.

"தவறாம குடுத்தேன் டாக்டர். ஒண்ணும் கேக்கல."

அவர் அதை நிறுத்திவிட்டார்.

கொடுத்திருந்தால் பலித்திருக்குமா? தெரியாது... டாக்டருக்கே தெரியாது. இத்தனை நாளும் அதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். வெட்கமாக இருக்கிறது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை அடைத்தவள் நான்தானே!

போன மாதம் ஆஸ்பத்திரி பெஞ்சில் எங்கள் பக்கத்தில் ஓர் அம்மா, மகளோடு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கும் உதடு துடித்தது. அம்மாவின் கையில் அதே பச்சை மாத்திரை அட்டை.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "அதுவாம்மா? வாங்கினதே தெண்டம். என் தங்கச்சி ஒரு நாளு வுடாம குடுத்துச்சு. எனக்கு ஒண்ணும் கேக்கல."

"அப்பிடியா பா?" என்று அந்த அம்மா என்னைப் பார்த்தாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.